கல்வராயன்மலையில் ஹம்மிங்பேர்ட்: ஒரு பிழைத் திருத்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்வராயன்மலையில் ஹம்மிங்பேர்ட் கிடையாது. கல்வராயன்மலையில் மட்டுமில்லை, சேர்வராயன், கொல்லிமலை, நீலகிரி, இமயமலை எங்கேயும் கிடையாது. இந்தியாவிலேயே கிடையாது.

இது தெரியாமல்தான் (சரி, சரி... தெரிந்தும்தான்) போன வருஷம் அந்தப் பறவை எங்க மலையில் இருக்கிறது என்று பதினாலு பக்கத்துக்கு எழுதி, இருபதுக்குப் பதினெட்டு மார்க் வாங்கினேன். அந்தக் கதையைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். சிரிக்கிறவங்க சிரிக்கலாம். திட்டுகிறவங்க கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்க.

எனக்குச் சொந்த ஊர் சின்னசேலம். படிப்பது பி.காம் மூன்றாம் வருஷம். வணிகவியல் படிக்கிறவனுக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு பேப்பர் இருக்கிறதே, அதுதான் சம்பந்தம். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதில் ஆரம்பித்தது இது. கணக்குப் பதிவியல் படித்தாலும் கம்ப்யூட்டர் படித்தாலும் இந்தப் பேப்பரை எழுதித்தான் ஆகணும். கூடவே ஒரு களப்பணி அறிக்கை. நேரில் போய்ப் பார்த்து எழுதணும். வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. எனக்கு வந்த சீட்டில் இருந்தது: "ஒரு மலைக்காட்டுப் பறவையும் அதன் வாழிடமும்".

பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு "சாக்கடை" வந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தேன். அவன் உண்மையிலேயே போய்ச் சாக்கடையைப் பார்த்துவிட்டு வந்தான். நான்தான் எங்கேயும் போகவில்லை.

கொடுத்தது ஒரு மாசம். நான் உட்கார்ந்தது கடைசி நாள் ராத்திரி பத்தரை மணிக்கு. நெட்டில் தேடினால் முதலில் கண்ணில் பட்டது தென்னமெரிக்காவில் பெரு நாட்டில் இருக்கிற ஒரு ஹம்மிங்பேர்ட். ஸ்பேட்யூல்டெயில் என்று பெயர். உண்மையிலேயே அதிசயமான பறவைதாங்க. வடக்கு பெருவில் உட்குபாம்பா என்கிற ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய மலைக்காட்டு ஓரங்களில் மட்டும்தான் வாழ்கிறது. ஆண் பறவைக்கு வாலில் மொத்தமே நாலு இறகு. அதில் இரண்டு நீளக் கம்பி மாதிரி வளைந்து போய், நுனியில் ஊதா கலந்த நீலத்தில் ஆளுக்கொரு வட்டத் தட்டு. பெண்ணைக் கவர அந்த இரண்டு தட்டையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும்.

அப்படியே எடுத்து மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டேன். தமிழ் வந்தது. அப்புறம் கன்ட்ரோல் எச். தெரியாதவங்களுக்கு: ஒரு சொல்லைத் தேடி, அது இருக்கிற இடத்தில் எல்லாம் வேறு சொல்லைப் போட்டுவிடும் வசதி. "ஆண்டிஸ்" இருந்த இடத்தில் எல்லாம் "கல்வராயன்". "உட்குபாம்பா" இருந்த இடத்தில் எல்லாம் "கோமுகி". "பெரு" இருந்த இடத்தில் எல்லாம் "தமிழ்நாடு".

இந்தக் கடைசி மாற்றத்தில்தான் சனி பிடித்தது. தமிழில் "பெரு" எத்தனை சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "பெரும்பாலும்" எல்லாம் "தமிழ்நாடும்பாலும்" ஆகிவிட்டது. "பெருமை" எல்லாம் "தமிழ்நாடுமை". ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அந்த உழைப்பை நேர்மையாகப் போட்டிருந்தால் மூன்று அறிக்கை எழுதியிருக்கலாம். அப்படியும் பதினோராம் பக்கத்தில் ஒன்று தப்பிவிட்டது: "இப்பறவை தமிழ்நாடும்பாலும் காலை வேளையில் உணவு தேடும்."

மேலட்டைக்கு வழவழப்பான கலர் படம், ஸ்பைரல் பைண்டிங், எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம் ரூபாய். மார்க் 18. பதினோராம் பக்கத்தை யாரும் படிக்கவில்லை என்பது அந்த மார்க்கிலேயே தெரிந்தது. எனக்கும் அதில் வருத்தம் ஒன்றுமில்லை. அப்போது.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. இந்த வருஷம் ஆண்டு மலருக்குக் கட்டுரை சேர்த்தாங்க. மேடம் வகுப்பில் வந்து, "போன வருஷம் ஹம்மிங்பேர்ட் எழுதினது யாருப்பா? நல்லா இருந்துச்சே, அதைச் சுருக்கி நாலு பக்கத்துக்குக் கொடு" என்றாங்க. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது ஒரு நண்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நண்பன் என்றே எழுதுகிறேன். வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். மலையாளி சமூகம். (கேரளா இல்லைங்க. மலையை ஆள்கிறவன், மலையாளி. நம்ம ஆட்களில் பாதிப் பேர் இன்னும் அவனிடம் "பாலக்காடா?" என்று கேட்கிறாங்க.) அவங்க குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அதிகம் பேச மாட்டான்.

"உன் அறிக்கைய லைப்ரரில பாத்தேன்டா. ஒரு சந்தேகம்."

"கேளு."

"கடல் மட்டத்துல இருந்து 2,100 மீட்டர்ல இருந்து 2,900 மீட்டர் வரைக்கும் வாழும்னு போட்டிருக்க."

"ஆமா."

"எங்க மலையே உச்சி 1,200 மீட்டர் சொச்சம்தான்டா. உன் குருவி எங்க உட்காரும்?"

சோறு தொண்டையில் சிக்கியது. ஊர் பெயர், ஆற்றுப் பெயர், நாட்டுப் பெயர் எல்லாம் மாற்றினவன் எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். என் கணக்குப்படி அந்தப் பறவை கல்வராயன்மலைக்கு மேலே இன்னொரு கல்வராயன்மலை உயரத்தில், ஆகாயத்தில், மரம் செடி எதுவும் இல்லாமல் குடும்பம் நடத்துகிறது! பி.காம் மாணவன் எண்ணில் கோட்டை விடலாமா?

"போன வருஷமே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

கொஞ்ச நேரம் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "உனக்கும் தெரியும்னு நினைச்சேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? பேச்சை மாற்ற, "நீ என்ன எழுதின? எவ்வளவு மார்க்?" என்று கேட்டேன். தன் ஊரில் எந்த மரம் எந்த மாசம் பூக்கும், எந்தப் பூவுக்கு எந்தக் குருவி வரும் என்று அவன் ஆயாவிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறான். ஒன்பது பக்கம். கையெழுத்து. படம் இல்லை, பைண்டிங் இல்லை, நூல் கட்டியது.

மார்க் 11.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சினிமா வசனம் எழுத மாட்டேன். நன்றாகத் தூங்கினேன். ஆனால் காலையில் எழுந்ததும் முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பதினொன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு மலை ஏறினேன். மாசி மாசம். சின்னசேலத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கல்வராயன்மலை தினமும் வடக்கே நீலமாகத் தெரியும். மேகம் அருவி, பெரியார் அருவி என்று கூட்டமாகப் போய்க் குளித்துவிட்டு வந்ததுண்டு. அங்கே ஆட்கள் வாழ்கிறாங்க, அவங்க வீட்டுத் திண்ணையில் உட்காரலாம் என்று தோன்றியதே இல்லை.

கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டினால் மலைப்பாதை. அடிவாரத்தில் முள்ளும் புதருமாக இருக்கும். ஏற ஏறப் பெரிய மரங்கள், இலை உதிர்க்கிற காடு. இன்னும் மேலே சில இடங்களில் மட்டும் சோலைக்காடு மிச்சமிருக்கிறது. இலை எல்லாம் உதிர்ந்த காட்டில் இலவ மரமும் புரச மரமும் மட்டும் சிவப்பாகப் பூத்து நின்றன. பஸ்ஸிலிருந்து பார்த்தால் காடு அங்கங்கே தீப்பிடித்த மாதிரி இருந்தது.

நண்பன் வீட்டு முன்னால் ஒரு முருங்கை மரம். அதன் காய்ந்த குச்சியில் ஏதோ குப்பை தொங்கிக்கொண்டிருந்தது. சிலந்தி வலையில் சருகு சிக்கியிருக்கிறது என்று நினைத்தேன். "அதான்டா வீடு" என்றான்.

தேன்சிட்டுக் கூடு. சிலந்தி நூலை எடுத்து, நாரையும் மரப்பட்டைத் துணுக்கையும் வைத்து ஒட்டி, வெளியே வேண்டுமென்றே குப்பையை ஒட்டி வைக்குமாம். பாம்போ காக்காயோ பார்த்தால் குப்பை என்று நினைத்துப் போய்விடணும். பக்கவாட்டில் ஒரு வாசல், வாசலுக்கு மேலே மழைக்குத் தாழ்வாரம் கூட உண்டு! வாசலில் ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது. பெண் பறவை அடைகாக்கிறது. ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டை, குஞ்சு பொரிக்க இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே. குஞ்சு வந்ததும் அப்பாவும் இரை கொண்டு வருவார். (மேலே "பெரும்பாலும்" சரியாக வந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.)

இது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. பத்து செ.மீ. கூட இருக்காது. ஆண் பறவைக்கு மேலே கருஞ்சிவப்பு, கீழே மஞ்சள், வெயில் படும்போது தலையில் பச்சையும் இடுப்பில் ஊதாவும் மின்னும். நம்ம தெருவில் செம்பருத்திச் செடி இருந்தால் நீங்களும் பார்த்திருப்பீங்க. இன்னொன்று ஊதாத் தேன்சிட்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் முழுக்கக் கருநீலமாக மின்னும். சீசன் முடிந்ததும் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பெண்ணைப் போலவே மங்கலாகிவிடும், மார்பு நடுவில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிச்சம். மூன்றாவது லோட்டன் தேன்சிட்டு, மூக்கு ரொம்ப நீளம், நன்றாக வளைந்திருக்கும். 1750-களில் இலங்கையில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த லோட்டன் என்பவரின் பெயர் அது. ஆளுநர் போய் 250 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயர் குருவி முதுகில் இன்னும் இருக்கிறது.

நம்ம ஊரில் "ஹம்மிங்பேர்ட் பார்த்தேன்" என்று சொல்கிறவங்க பாதிப் பேர் பார்த்தது இந்தத் தேன்சிட்டைத்தான். அகராதியிலேயே சிலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டாங்க. (ஹம்மிங்பேர்டை ஓசனிச்சிட்டு என்று எழுதுகிறவங்களும் உண்டு.) மீதிப் பேர் பார்த்தது பறவையே இல்லை. சாயங்காலத்தில் பூ முன்னால் ரீங்காரத்தோடு அந்தரத்தில் நின்று, நீளக் குழலை நீட்டித் தேன் குடிக்கிற ஒரு வகை அந்துப்பூச்சி!

இரண்டு பறவையும் ஒரே மாதிரி இருப்பதற்குச் சொந்தம் காரணமில்லை, தொழில்தான் காரணம். சின்னசேலத்தில் ஒரு மளிகைக் கடை, சிங்கப்பூரில் ஒரு மளிகைக் கடை. முதலாளிகளுக்குள் ஒட்டு உறவு கிடையாது. ஆனாலும் கல்லா வாசல் பக்கம்தான் இருக்கும், மிட்டாய் ஜாடி குழந்தைகள் கண்ணில் படுகிற இடத்தில்தான் இருக்கும். பூவுக்குள் இருக்கிற தேனை எடுக்கணும் என்றால் உடம்பு சின்னதாக இருக்கணும், மூக்கு நீளமாக இருக்கணும், நாக்கு அதற்கேற்ற மாதிரி இருக்கணும். அமெரிக்காவில் ஒரு குடும்பம் அப்படி ஆனது, சுமார் 360 வகை. இங்கே ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வேறொரு குடும்பம் தனியாக அப்படி ஆனது, 140 வகைக்கு மேல். ஒரு வித்தியாசம்: ஹம்மிங்பேர்ட் அந்தரத்தில் நின்று குடிக்கும், பின்னால் கூடப் பறக்கும். நம்ம தேன்சிட்டும் கொஞ்ச நேரம் அப்படி நிற்கும், ஆனால் முடிந்தவரை கிளையில் உட்கார்ந்துதான் குடிக்கும். பூ ரொம்ப நீளமாக இருந்தால் அடியில் ஓட்டை போட்டுத் திருடவும் செய்யும். அந்த விஷயத்தில் எனக்குச் சொந்தம்.

அப்படியென்றால் ஹம்மிங்பேர்டுக்கு உண்மையான சொந்தக்காரன் யார்? உழவாரன்! மரத்தில் உட்காராமல் நாள் முழுக்க ஆகாயத்தில் பூச்சி பிடித்துக்கொண்டு பறக்குமே, அந்தப் பறவை. சின்னசேலத்தைச் சுற்றி இருக்கிற பனை மரங்களில் பனை உழவாரன் இருக்கிறது. தொங்குகிற பனையோலையின் உள்பக்கம் தன் எச்சிலாலேயே கூட்டை ஒட்டி வைக்கும். இது தெரிந்தபோது எனக்கு என்னமோ மாதிரி ஆகிவிட்டது. பெருவுக்குப் போய்த் திருடிக்கொண்டு வந்தேனே, அதன் பங்காளி எங்க வீட்டுக் கொல்லைப் பனையிலேயே இருந்திருக்கிறது. கறுப்பாக, மினுமினுப்பு இல்லாமல் இருந்ததால் ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இன்னொரு ஆச்சரியம். ஹம்மிங்பேர்ட் எப்போதுமே அமெரிக்காவில் மட்டும்தான் இருந்தது என்று இல்லை. ஜெர்மனியில் கிடைத்த சுமார் 3 கோடி வருஷப் பழைய எலும்புகளைப் பார்த்து, அது ஹம்மிங்பேர்ட்தான் என்று 2004-ல் ஜெரால்ட் மயர் என்கிற ஆய்வாளர் சொன்னார். அதற்கு வைத்த அறிவியல் பெயரிலேயே "எதிர்பாராதது" என்று அர்த்தம் வருகிறது. ஆகவே, கனம் கோர்ட்டார் அவர்களே, என் அறிக்கை முழுப்பொய் இல்லை. மூன்று கோடி வருஷமும் ஏழாயிரம் கிலோமீட்டரும்தான் தள்ளிப்போய்விட்டது.

ஆயா களி கிண்டிக்கொண்டே நண்பன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாங்க. என் அறிக்கையில் இருந்த பறவையைப் பற்றி அவன் சொன்னதும் சிரிப்பாங்க என்று தலையைக் குனிந்துகொண்டேன். சிரிக்கவில்லை.

"வால்ல கம்பி மாதிரி ரெண்டு நீண்டு, முனையில இலை மாதிரி தொங்குமா சாமி?"

"ஆமாங்க ஆயா. அது வேற நாட்டுல..."

"இங்கயும் இருக்கே. கரிச்சான்ல ஒண்ணு. காட்டுக்குள்ள போவணும். மத்த குருவி எல்லாம் கத்தற மாதிரியே கத்தி ஏமாத்தும்."

அப்புறம் தேடிப் பார்த்தேன். துடுப்புவால் கரிச்சான். வாலில் இரண்டு கம்பி, நுனியில் இரண்டு துடுப்பு. மற்றப் பறவைகளின் குரலை அச்சு அசலாக எடுத்துப் பேசும். பெருவிலிருந்து காப்பி அடித்த வால், அந்த மலையிலேயே இன்னொரு பறவையிடம் அசலாக இருந்திருக்கிறது. பஸ் டிக்கெட் எடுத்து வந்திருந்தால் எனக்கே சொந்தமான அறிக்கை கிடைத்திருக்கும். அன்றைக்கு அந்தக் கரிச்சானைப் பார்க்க முடியவில்லை. இன்னும் பார்க்கவில்லை.

சாப்பிட்டதும் நண்பன் உள்ளே போய் அந்த ஒன்பது பக்கத்தை எடுத்துவந்தான். நூல் கட்டின நோட்டு. படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாகிவிட்டது.

தேன் குடிக்கிற பறவைக்கு வாழிடம் என்றால் ஏதோ ஒரு காடு, இத்தனை சதுர கிலோமீட்டர் என்று நான் எழுதியிருந்தேன். அவன் எழுதியிருந்தது ஒரு காலண்டர். மாசி பங்குனியில் இலவம்பூ, புரசம்பூ, கல்யாண முருங்கைப்பூ என்று விருந்து. அது முடிந்தால்? அடுத்த பூ எது? அது முடிந்தால் அடுத்தது? தேன்சிட்டுக்குக் கிடங்கு கிடையாது. இன்றைய வரவு இன்றைக்கே செலவு. குஞ்சுக்குச் சிலந்தி, பூச்சி என்று கொடுக்கும். ஆனாலும் பெரியவங்களுக்குத் தேன் வேண்டும். வருஷத்தில் ஏதாவது ஒரு மாசம் பூ இல்லாமல் போனால் சங்கிலி அறுந்துவிடும். ஆகவே அதன் வாழிடம் என்பது இடம் மட்டுமில்லை, மாசங்களும்தான்.

அந்தச் சங்கிலியின் ஓட்டைகளை அடைக்கிற ஒரு செடியைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான்: புல்லுருவி. மாமரத்தில் ஒட்டிக்கொண்டு வளருமே, அதுதான். நாம் சனியன் என்று வெட்டிப் போடுவோம். அதன் பூவுக்குத் தேன்சிட்டு வந்து மகரந்தம் கடத்தும். அதன் பழத்துக்குப் பூக்கொத்தி என்கிற இன்னும் சின்னக் குருவி வரும். விதை பிசுபிசு என்று ஒட்டும், பின்னால் ஒட்டியதைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும், அங்கே அடுத்த புல்லுருவி முளைக்கும். நீலகிரியில் இந்தத் தொடர்பை 1980-களில் ப்ரியா தாவீதார் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நண்பனுக்கு அந்த ஆய்வு தெரியாது. அவன் ஆயா சொன்னதை எழுதியிருந்தான். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு இரண்டு வரிசை. ஒன்று, "ஆயா சின்னப் பிள்ளையா இருந்தப்ப இருந்த மரம்". இன்னொன்று, "இப்ப இருக்கற மரம்". முதல் வரிசை பக்கத்தின் அடி வரை போனது. இரண்டாவது வரிசை பாதியில் நின்றது. மீதி இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினான். சரிவு முழுக்க மரவள்ளி.

அது எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்கத் தேவையில்லை. ஆத்தூர், சேலம், சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள்தான். எங்க தெருவிலேயே அந்த வியாபாரத்தில் பிழைக்கிற வீடுகள் உண்டு. மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். மக்காச்சோளம், மிளகாய், தக்காளி, காடெல்லாம் பரவிக் கிடக்கிற உண்ணிச்செடி, எல்லாமே ஹம்மிங்பேர்ட் இருக்கிற கண்டத்துச் சரக்கு. பறவை மட்டும் வரவில்லை. உண்ணிப்பூவில் நம்ம தேன்சிட்டு உட்கார்ந்து குடிப்பதை அன்றைக்கே பார்த்தேன்.

இதை வைத்து நான் யாரையும் குற்றம் சொல்லப் போவதில்லை. "மரவள்ளி போடாம என்னத்தத் திங்கறது? சாமையும் தினையும் வெளைஞ்சா வாங்க ஆள் வரணும்ல" என்று ஆயா சொன்னாங்க. விலை எங்கே நிர்ணயமாகிறதோ அங்கே உட்கார்ந்துகொண்டு, மரம் வெட்டாதே என்று மேலே இருக்கிறவங்களுக்குப் பாடம் எடுப்பது சுலபம். பி.காம் படித்ததில் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மேடத்தைப் போய்ப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். பதினோராம் பக்கத்தையும் காட்டினேன். "தமிழ்நாடும்பாலும்" என்பதை வாய்விட்டுப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாங்க. திட்டியிருந்தால் கூடத் தேவலை.

"மார்க் எல்லாம் போன வருஷமே அனுப்பியாச்சு. இனிமே மாத்த முடியாது" என்றாங்க. கொஞ்சம் பொறுத்து, "நானும் முழுசாப் படிச்சிருக்கணும்" என்றாங்க. அப்படிச் சொல்லணும் என்று அவங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. அதனால் இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கணக்குப் பதிவியலில் ஈடுசெய் பிழை என்று ஒரு பாடம் உண்டு. ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டிவிடும். இருப்பாய்வு இரண்டு பக்கமும் சமமாக வரும். பார்க்கிறவங்களுக்குக் கணக்கு சரி என்றே தோன்றும். நான் படிக்காமல் எழுதினேன், இன்னொருத்தர் படிக்காமல் மார்க் போட்டாங்க. இரண்டு பக்கமும் சமம். நடுவில் ஒருத்தனுடைய பதினொன்று மட்டும் எந்தப் பக்கத்திலும் சேராமல் அனாமத்துக் கணக்கில் நிற்கிறது.

ஆண்டு மலரில் என் இடத்தில் அவன் எழுதியதைப் போடலாமா என்று மேடத்திடம் கேட்டேன். "கொண்டு வரச் சொல்லு, இந்தத் தடவை படிச்சுட்டுச் சொல்றேன்" என்றாங்க.

நண்பன் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்காகப் பண்றியா, உனக்காகப் பண்றியா?" என்று கேட்டான். உண்மையைச் சொன்னேன்: "எனக்காகத்தான்டா." அதைக் கேட்டுத்தான் சம்மதித்தான் என்று நினைக்கிறேன். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டான். நான்தான் டைப் அடிக்கணும், ஆனால் ஒரு சொல்லைக் கூட மாற்றக் கூடாது.

"கன்ட்ரோல் எச் பக்கம் கை போச்சு, அவ்ளோதான்!"

மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒன்பது பக்கத்தையும் அடித்து முடித்தேன். ஆயாவுடைய மரங்களின் பெயர் பல எனக்குத் தெரியாது. தெரியாததை எல்லாம் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு அடித்தேன். கடைசிப் பக்கத்து இரண்டு வரிசையில், இரண்டாவது வரிசை முடிந்த இடத்தில் கம்ப்யூட்டர் நிறையக் காலி இடம் விட்டது. பக்கத்தைச் சரி பண்ண அதைச் சுருக்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம்டா. அது அப்படியே இருக்கட்டும்" என்றான்.

மேடம் இன்னும் படித்து முடிக்கவில்லை. முடித்ததும் சொல்கிறேன்.

பி.கு: உங்க ஊரில் பனை மரம் இருந்தால் சாயங்காலம் ஒரு அஞ்சு நிமிஷம் நிமிர்ந்து பாருங்க. அரிவாள் மாதிரி வளைந்த இறக்கையோடு சின்னதாக ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஹம்மிங்பேர்டின் பங்காளி. பார்த்தேன் என்று தைரியமாகச் சொல்லலாம், யாரும் மீட்டர் கணக்குக் கேட்க மாட்டாங்க.